சிவப்பு நட்சத்திரம் போட்டவை

மஞ்சூரில் இரவு பத்து மணிக்கு மேல்
மூடுபனி வார்டுக்குள் வருவதில்லை,
வாசலில் நின்று
சிக்னலை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறது.
திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது.
அது சுற்றி முடியும்வரை
ஏழாம் கட்டிலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன்.

கணினி வண்டிக்கு நான்கு சக்கரம்,
ஒன்று கீச்சிடும்.
நான் வருவதை அந்தச் சத்தத்தில்தான்
இப்போது தெரிந்துகொள்கிறார்கள்.

பெயர் பரிபூரணம். வயது ஐம்பத்திரண்டு.
தொழில் பட்டியலில் கொழுந்து எடுப்பவர் இல்லை.
விவசாயம் என்று போட்டேன்.
தோட்டம் அவளுடையது என்று
சென்னையில் யாரோ நினைத்துக்கொள்ளட்டும்.

வலிக்கு ஓர் எண் வேண்டும், பத்துக்குள்.
"எவ்வளவுக்கா வலிக்குது?"
"கூடை நெறஞ்ச பெறகு
கணக்கப்பிள்ளை ரெண்டு கிலோ கழிப்பாரே சிஸ்டர்,
அந்த மாதிரி."
ஆறு என்று அழுத்தினேன்.

சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம் நிரம்பாமல்
அடுத்த பக்கம் திறக்காது.
தலையணை வேர்வையில் நனைந்திருந்ததற்கு
நட்சத்திரம் இல்லை.
மாற்றினேன்.
பதிவாகாதது நடக்காதது என்று
போன மாதப் பயிற்சியில் சுவரில் காட்டினார்கள்.
மதியம் பிரிஞ்சி நன்றாக இருந்தது.

ஒன்றரை மணிக்கு அவளுக்கு மூச்சு இழுத்தது.
டாக்டர் போனில் ஒரு ஊசி சொன்னார்.
மருந்தின் மூன்று எழுத்தைத் தட்டியதும்
திரை முழுக்கச் சிவப்பு.

கூடலூர். இரண்டு வருடத்துக்கு முன்.
அதிகாலை நாலு பன்னிரண்டு.
'ஊசி போட்டதும் தடிப்பு, தொண்டை அடைப்பு.
இனிமேல் கொடுக்கவே கூடாது.'
பதிவு செய்தவர்: ரெஜினாமேரி.

டாக்டர் வேறு மருந்து சொன்னார்.
இருபது நிமிடத்தில் மூச்சு வழிக்கு வந்தது.
"கூடலூர்ல என்னக்கா ஆச்சு?"
"தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன், என்னமோ ஆச்சு.
ஒரு நர்ஸம்மா டைப் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.
மொகம் ஞாபகமில்ல.
முதுகுதான் தெரியும்."

ரெஜினாமேரி,
உன்னை எங்கும் பார்த்ததில்லை நான்.
நாலு பன்னிரண்டுக்குக் கண் எப்படி எரியும் என்று தெரியும்.
'கொடுக்கவே' என்றதில் அந்த ஏகாரம்,
அதை எந்தக் கட்டமும் உன்னிடம் கேட்டிருக்காது.
நீ தட்டிக்கொண்டிருந்தபோது
எந்தக் கட்டிலிலோ யாரோ பெட்பேன் கேட்டிருப்பார்.
காத்திருக்க வைத்திருப்பாய்.
அந்தக் காத்திருப்பில்தான்
இவள் இப்போது மூச்சு விடுகிறாள்.
இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இங்கே நாலாம் கட்டில் மிச்சியம்மா
இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.
"இதோ வர்றேன்" என்றேன்,
திரையைப் பார்த்து.

பேட்டரிப் பக்கம் கதகதப்பாக இருக்கும்.
விரல்களை அதில் வைத்து எடுத்து
பரிபூரணத்தின் நாடியைப் பிடித்தேன்.
"கை சூடா இருக்கே சிஸ்டர்."
"கம்ப்யூட்டர் சூடு."
சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று.
இருமல் கட்டத்தில் 'ஆம்' போட்டேன்.

கடைசியில் குறிப்புகள் என்று ஒன்று,
நட்சத்திரம் இல்லாதது,
யாரும் திறந்து பார்க்காதது.
'இடப்பக்கம் சாய்த்தால் மூச்சு லேசாகிறது.
கதவைப் பார்த்துப் படுக்கப் பிடிக்கிறது.
வலியை எண்ணில் கேட்டால் சொல்லமாட்டார்,
கூடையைப் பற்றிக் கேட்கவும்.'
எழுத்துகள் அதிகம் என்றது.
கதவை எடுத்துவிட்டேன்.
பிறகு திரும்பச் சேர்த்து, 'லேசாகிறது' என்பதை
'லேசு' ஆக்கினேன். ஏற்றுக்கொண்டது.

வட்டம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது.
சுற்றட்டும் என்று
வண்டியை அங்கேயே விட்டு
நாலாம் கட்டிலுக்குப் போனேன்.
மிச்சியம்மா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்,
சத்தமே இல்லாமல் யார் வந்தது என்று.